எங்களை நம்பாத அலமேலு

அலமேலு இறந்துவிட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் சேலத்திலிருந்து மேலே வந்த முதல் பஸ்ஸின் கண்டக்டர். ஏற்காடு கடைவீதியில் எங்கள் மளிகைக் கடை முன்னால் நின்று, "மாரமங்கலத்து அலமேலம்மா போயிட்டாங்களாமுங்க, பெரியாஸ்பத்திரியில" என்றார். நான் துக்கப்படவில்லை. "யாரு சொன்னாங்க? நீங்க நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டேன். பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்கள் என்றார். அந்த யாரோ எந்த ஊர்க்காரர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரா, வேறு ஒருவர் சொல்லிக் கேட்டவரா என்று மேலும் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார். அடுத்த பஸ்ஸில் அலமேலுவின் கொழுந்தனார் இறங்கி, என்னைப் பார்த்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டபோதுதான் நம்பினேன். கேட்டதை உடனே நம்பாத இந்தப் பழக்கம் எனக்குப் பிறவியில் வந்ததல்ல. இருபது வருடங்களுக்கு மேல் அலமேலுவோடு சேர்ந்து புத்தக மூட்டை சுமந்ததில் ஒட்டிக்கொண்டது.

இதைப் படிக்கிறவர்களில் பலர் மாரமங்கலத்திலும் செம்மநத்தத்திலும் சின்ன வயதில் அவர் கையால் புத்தகம் வாங்கியவர்களாக இருப்பீர்கள். உங்களுக்கு அவர் புத்தகக்கார அம்மா. அவர்தான் எங்கள் இளைஞர் புத்தகக் குழுவைத் தொடங்கியவர் என்று இரங்கல் கூட்டத்தில் ஒருவர் பேசினார். அது உண்மையல்ல. அவர் எங்களைத் தடுத்து நிறுத்த வந்தவர். செத்தவரைப் பற்றி இல்லாததைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் எனக்கு இருபது வயது தாண்டியிருந்தது. அப்பாவின் கடையில் பொட்டலம் கட்டுவது என் வேலை. கோடை விடுமுறை தொடங்கும்போது எடைக்கு வாங்கிய பழைய காகிதம் கட்டுக்கட்டாகக் கடைக்கு வரும். மலையில் உள்ள பெரிய பள்ளிகளின் விடுதிப் பிள்ளைகள் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற புத்தகங்கள் அவை. சிலவற்றில் அட்டைகூடக் கசங்கியிருக்காது. ஒரு நாள் கடுகு கட்டுவதற்காக ஒரு தாளைக் கிழித்தேன். அதில் ஒரு யானையின் வண்ணப் படம். கடுகு வாங்க வந்திருந்த, எஸ்டேட்டில் கூலி வேலை செய்யும் ஒரு அம்மா பொட்டலத்தைக் கடையிலேயே பிரித்து, கடுகை முந்தானையில் முடிந்துகொண்டு, தாளைத் தடவித் தடவி நேராக்கினார். "பையனுக்குக் காட்டறேனுங்க. ஊட்ல படம் போட்ட காயிதமே இல்ல" என்றார். அதற்குப் பிறகு அந்தப் புத்தகங்களைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை.

என் நண்பன் ஜோசப் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா ஒரு பள்ளி விடுதியில் சமையற்காரர். விடுதியில் மிஞ்சும் புத்தகங்களைக் காகிதக்காரனுக்குப் போகும் முன்பே கேட்டு வாங்கிவிடலாம் என்றான். கடைவீதிப் பையன்கள் இன்னும் சிலர் சேர்ந்துகொண்டோம். புத்தகம் சேர்ப்பதற்கு முன்பே குழுவுக்குப் பெயர் வைத்து, போர்டு எழுதி, ரப்பர் ஸ்டாம்பும் செய்துவிட்டோம். அந்த வயதில் அப்படித்தான் தோன்றும். நாலைந்து மூட்டை சேர்ந்ததும் ஜோசப் தன் முதலாளியிடம் ஒரு நாளைக்கு ஜீப்பை இரவல் வாங்கினான். முதலில் மாரமங்கலம் போவது என்று முடிவு செய்தோம்.

அது நெருக்கடி நிலைக் காலம். மலை ஊர்களில் அப்போது ஒரு பேச்சு பரவியிருந்தது. ஜீப்பில் வருவார்களாம். எதையாவது இலவசமாகக் கொடுப்பார்களாம். பெயரை எழுதிக்கொள்வார்களாம். பிறகு ஆண்களைக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுவார்களாம். நாங்கள் ஜீப்பில் போனோம். பின்னால் இலவசமாகக் கொடுக்க மூட்டைகள். ஜோசப்பின் சட்டைப்பையில் பேனா, கையில் நோட்டு. மண் ரோட்டில் எங்கள் ஜீப் திரும்பும் சத்தம் கேட்டதுமே ஆண்கள் அத்தனை பேரும் காப்பித் தோட்டத்துக்குள் இறங்கி மறைந்துவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லை, பிள்ளைகளும் இல்லை. கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. வாசற்படியில் எங்கள் வயதில் ஒரு பெண் மட்டும் நின்றிருந்தார். மிளகுக் கொடிக்கு நிழல் விழாமல் மரக்கிளை கழித்துக்கொண்டிருந்தவர், அருவாளைக் கீழே போடாமல் அப்படியே வந்திருந்தார்.

"ஏனுங்க, யாரு நீங்க?"

ஜோசப் குழுவின் பெயரைச் சொன்னான்.

"அது எந்த ஆபீசுங்க?"

"ஆபீஸ் இல்லீங்க. நாங்க பசங்களாச் சேந்து நடத்தறது. பிள்ளைங்களுக்குப் புத்தகம் குடுக்க வந்திருக்கோம்."

"யாரு குடுக்கச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலீங்க."

"யாரும் சொல்லாமயா இத்தன தூரம் பெட்ரோலு போட்டுக்கிட்டு வந்தீங்க?"

ஜோசப் பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, நோட்டைத் திறந்து, "பிள்ளைங்க பேரு, அப்பா பேரு சொன்னீங்கன்னா எழுதிக்கறோம்" என்றான். அப்பா பேரு என்றதுதான் தாமதம், அவர் முகம் இறுகியது.

"நோட்ட மூடுங்க மொதல்ல."

ஜோசப் மூடினான். அவர் ஜீப்பின் அருகே வந்து ஒரு மூட்டையிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினார். பக்கம் பக்கமாகத் திருப்பினார். தலைகீழாகப் பிடித்து உதறினார். அட்டைக்குப் போட்டிருந்த பழுப்புக் காகிதத்தை நகத்தால் நெம்பி உள்ளே பார்த்தார். பிறகு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இத நான் வெச்சுக்கறேன். மத்தத எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். மூட்டைகள் இறங்காமலே நாங்கள் திரும்பினோம்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்குப் போனபோது அம்மா குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தார். "ஒரு பொண்ணு வந்துச்சு. குடிக்கத் தண்ணி கேட்டுச்சு. குடுத்தேன். அப்புறம் உம் பையன் என்ன பண்றான், யாரு கூடச் சுத்தறான், குடிப்பானான்னு ஒண்ணொண்ணாக் கேக்குது. சம்பந்தம் பேசற ஆளுங்க அனுப்பியிருப்பாங்களோ?" என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. கடைக்குத் திரும்பினால் அலமேலு அங்கே நின்றுகொண்டிருந்தார். கையில் அதே புத்தகம்.

"உங்கூட்டப் பாத்தேனுங்க, கடைக்காரரே. ஜோசப்பு ஊட்டையும் பாத்தேன்" என்றார். மறைத்துப் பேசவில்லை. "கெட்டவங்களாத் தெரியல. ஆனா இந்தப் புத்தகத்தப் படிச்சுப் பாத்தேன். பத்தாவது வரைக்கும் போன எனக்கே பாதி ஓடல. முச்சூடும் இங்கிலீசு. எங்கூர்ப் பிள்ளைங்க தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிக்குது. உங்களுக்கு வேண்டாததத்தானுங்க எங்களுக்குக் கொண்டாந்தீங்க?"

அரிசி வாங்க வந்தவர்கள் நாலு பேர் எதிரில் அப்படிக் கேட்டார். நாங்கள் புத்தகம் என்றுதான் நினைத்தோமே தவிர, எந்த மொழியில் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டவுடன் எவ்வளவு வெளிப்படையாக இருந்தது என்று இப்போதும் வியக்கிறேன்.

போகும்போது அவர் சொன்னார்: "ஊர்ல பேசியிருக்குது. வர்றதுன்னா வாங்க. ஜீப்பு வேண்டாம், நோட்டு வேண்டாம். நான் கூட இருப்பேன்."

"எதுக்குங்க?"

"பாக்கறதுக்குத்தான்."

அலமேலு எங்கள் குழுவில் சேர்ந்தது இப்படித்தான். அவரை நாங்கள் சேர்க்கவில்லை. ஊர் அவரை எங்கள் மேல் காவலுக்கு வைத்தது.

இங்கிலீஷ் புத்தகங்களைக் கொடுத்து ஒரு பழைய புத்தகக் கடையில் தமிழ்ப் புத்தகங்களாக மாற்றினோம். சேலத்தில் தெருத்தெருவாகப் போய், வகுப்புத் தேறிய பிள்ளைகளின் பழைய பாடப் புத்தகங்களையும் கதைப் புத்தகங்களையும் கேட்டோம். அலமேலுவும் வந்தார். மற்றவர்கள் வாசலில் நின்று கேட்கும்போது அவர் சற்றுத் தள்ளி நின்று கொடுக்கிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சேர்ந்த புத்தகங்கள் ஒவ்வொன்றையும் எங்கள் கடைக் குடோனில் உட்கார்ந்து புரட்டி, உதறிப் பார்த்துத்தான் மூட்டையில் போட விடுவார். உதறும்போது என்னென்னவோ விழும். சீட்டுக் கம்பெனி நோட்டீஸ், ஓட்டுக் கேட்கிற நோட்டீஸ், சாமி நோட்டீஸ். எந்தச் சாமியாக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும் எடுத்து அடுப்புக்கு வைத்துவிடுவார். "புத்தகத்துக்குள்ள புத்தகம் மட்டுந்தான் இருக்கோணும்" என்பார்.

இத்தனைக்குப் பிறகு நடந்தே தலைச்சுமையாக மாரமங்கலம் கொண்டுபோனோம். பிள்ளைகள் வந்தார்கள். புத்தகத்தைத் தொட்டுப் பார்த்தார்கள், படம் பார்த்தார்கள். வீட்டுக்கு மட்டும் எடுத்துப் போகவில்லை. எடுத்துப்போன ஒரு பெண் குழந்தையும் சற்று நேரத்தில் திரும்ப ஓடிவந்து புத்தகத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனது. வீட்டில் திட்டியிருக்கிறார்கள். ஜோசப்புக்குக் கோபம் வந்தது. "சும்மா குடுத்தாக்கூட வாங்க மாட்டேங்கறாங்களே" என்றான்.

"சும்மா குடுக்கறதுதானுங்க பயம்" என்றார் அலமேலு. அன்றைக்குத்தான் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது கீழேயிருந்து ஒரு ஆள் வந்து ஊருக்கெல்லாம் கம்பளி கொடுத்தானாம். குளிர்காலம். எல்லோரும் வாங்கிப் போர்த்திக்கொண்டார்கள். அடுத்த மாதம் அதே ஆள் வந்து மரம் வெட்டக் கூப்பிட்டான். வர முடியாது என்றவர்களிடம் கம்பளியைத் திருப்பிக் கொடு என்றான். போர்த்திக் கிழிந்ததை எப்படித் திருப்பிக் கொடுப்பது? அலமேலுவின் அப்பா போனார். மரம் சாய்ந்து கால் போயிற்று. "அந்தக் கம்பளி எங்கூட்ல நொம்ப நாளு கெடந்துச்சு. ஒருத்தரும் அதுக்கப்பறம் போத்தல" என்றார்.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு பிள்ளையும் புத்தகத்துக்குப் பதிலாக வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவரட்டும். ஒரு கை சாமை, ஒரு கொய்யா, ஒரு பலாச்சுளை, எதுவானாலும் சரி.

ஜோசப் ஒத்துக்கொள்ளவில்லை. "நாம செய்யறது தர்மமுங்க. வியாபாரமா?"

"தர்மம்னா எங்களுக்கு என்னன்னு தெரியாது. வியாபாரம்னா தெரியும். குடுத்தோம், வாங்குனோம், முடிஞ்சுது. நாளைக்கு ஒருத்தன் வந்து கதவத் தட்ட மாட்டான்."

அடுத்த முறை போனபோது பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். டவுசர் பையில் ஆரஞ்சுப் பழம், பாவாடை மடியில் ராகி, ஒரு பையன் கையில் கோழிக்குஞ்சு. கோழிக்குஞ்சை மட்டும் அலமேலு திருப்பி அனுப்பினார். அன்று அத்தனை புத்தகங்களும் வீடுகளுக்குப் போயின. நாங்கள் பழ மூட்டையோடு மலையேறினோம். ஜோசப் வழி முழுக்கக் கொய்யாப்பழம் தின்றுகொண்டு, "தர்மம் நல்லா இனிக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

அப்படியே வருடங்கள் போயின. செம்மநத்தம், அதற்கப்பால் இன்னும் சில ஊர்கள் என்று குழு விரிந்தது. முதலில் இருந்த பையன்கள் வேலை கிடைத்துக் கீழே போனார்கள். புதிய பையன்களும் பெண்களும் வந்தார்கள். அலமேலுவுக்குப் பொன்னனோடு கல்யாணம் ஆயிற்று. மாரமங்கலத்திலேயே காப்பியும் மிளகும் வைத்தார்கள். ஜோசப்பும் நானும் அவரும்தான் தொடர்ந்து இருந்தோம். அவரைத் தலைவராக்கலாம் என்று ஒவ்வொரு வருடமும் யாராவது சொல்வார்கள். அவர் மறுத்துவிடுவார். "நான் தலைவரானா என்னைய யாருங்க பாத்துக்கறது?" என்பார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் எல்லோரும் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

எண்பதுகளில் ஒரு பெரிய மனிதர் வந்தார். மாரமங்கலத்துக்கு அருகில் ஒரு எஸ்டேட்டைப் புதிதாக வாங்கியிருந்தார். பெயர் வேண்டாம், அவர் இப்போது இந்தப் பக்கம் இல்லை. மென்மையாகப் பேசுவார். எங்களைப் பற்றிக் கேள்விப்பட்டதாகவும், மாரமங்கலத்தில் பிள்ளைகளுக்காகச் சொந்தச் செலவில் ஒரு படிப்பகம் கட்டித்தர விரும்புவதாகவும் சொன்னார். முதற்கட்டமாக ஒரு லாரி நிறையப் புதுப் புத்தகம். பத்து வருடமாகப் பழைய புத்தகம் சுமந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜோசப்புக்கு உற்சாகம் தாங்கவில்லை. அலமேலு மட்டும் ஒன்று கேட்டார். "எந்த எடத்துல கட்டறாராம்?"

ஊற்றுக்குப் பக்கத்தில் என்றோம். பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்புறம், ஊர்ப் பெண்கள் தண்ணீர் எடுக்கும் ஊற்று. அமைதியான இடம், பிள்ளைகள் படிக்க ஏற்றது என்று அவர் சொல்லியிருந்தார்.

"பிள்ளைங்க பள்ளிக்கூடத்துலதான் இருக்குது. படிக்கற ரூமு எதுக்குங்க அங்க?" என்றார் அலமேலு. மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு ஊற்றுப் பக்கம் போனார். புல்லுக்குள் சுண்ணாம்பு அடித்த கற்கள் நட்டிருந்தன. ஒரு சின்ன அறைக்கு நட்ட கற்களாக இல்லை. அவர் ஒவ்வொரு கல்லாகக் காட்டிக்கொண்டே நடந்தார். கற்கள் ஊற்றைச் சுற்றி அதற்கப்பால் இருந்த பாறை வரைக்கும் போயின. அளப்பவர்கள் சும்மா வைத்திருக்கலாம் என்றேன். "இருக்கலாமுங்க. கேட்டுப்புடலாம்" என்றார்.

விழா நாளில் பள்ளிக்கூடத்து முன் பந்தல் போட்டிருந்தார்கள். லாரி வந்து நின்றது. தார்ப்பாயை விலக்கியபோது புது அட்டைகளின் வாசனை எங்கள் வரைக்கும் வந்தது. பிள்ளைகள் லாரியைச் சுற்றிக்கொண்டார்கள். பெரியவர் நாலு வார்த்தை பேசி முடித்ததும் அலமேலு எழுந்தார்.

"ஐயா, ஒரு சந்தேகமுங்க. ரூமு சின்னதுன்னு சொன்னீங்க. கல்லு எதுக்குங்க ஊத்துக்கு அந்தப் பக்கம் பாற வரைக்கும் நட்டிருக்குது?"

அவர் புன்னகை மாறாமல், "அது அளவுக்காரங்க வேலையம்மா. விசாரிச்சுச் சொல்றேன்" என்றார்.

"விசாரிங்க. அது வரைக்கும் ரூம இந்தப் பள்ளிக்கூடத்தோட ஒட்டிக் கட்டிருங்க. எடம் இருக்குது. ஊத்துப் பக்கம் வேண்டாம்."

"இடம் தேர்ந்தெடுக்கறதை எங்கிட்ட விட்டுடுங்கம்மா."

"அதத்தானுங்க உட முடியல."

கூட்டத்தில் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். ஒருவரும் கத்தவில்லை, எழுந்து நின்றார்கள், அவ்வளவுதான். பெரியவர் யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு, வைத்திருந்த டீயைக் குடிக்காமல் காரில் ஏறினார். அவர் காருக்குப் பின்னால் லாரியும் திரும்பிப் போயிற்று. பிள்ளைகள் வளைவு வரைக்கும் லாரியின் பின்னால் ஓடினார்கள். அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை. சில வருடங்களில் எஸ்டேட்டை விற்றுவிட்டார். கற்களை யாரோ பிடுங்கித் துணி துவைக்க வைத்துக்கொண்டார்கள். அவர் மனதில் உண்மையில் என்ன இருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஊற்று இருக்கிறது, பெண்கள் தண்ணீர் எடுக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவே.

அன்று சாயங்காலமே ஜோசப் குழுவை விட்டுப் போனான். பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது அலமேலுவிடம் கேட்டான். "லாரி பின்னாடி ஓடுன பிள்ளைங்க மூஞ்சியப் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க. கோடையில கொடத்தோட அலையற மூஞ்சியும் பாத்திருக்கேன்."

"எல்லாத்தையும் சந்தேகப்பட்டா ஒண்ணுமே நடக்காதுங்க. எனக்கு அலுத்துப் போச்சு."

அவர் பந்தல் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். நான் இருவருக்கும் நடுவில் நின்றேன். ஜோசப் கொஞ்ச நாளில் சேலத்துக்குப் போய்ப் புத்தகங்களும் எழுதுபொருட்களும் விற்கும் ஒரு கடையில் வேன் ஓட்டச் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அதற்கடுத்த ஜூன் மாதம் சேலம் பஸ்ஸின் கூரையில் ஒரு மூட்டை வந்தது. மேலே என் கடை விலாசம் மட்டும் இருந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே புத்தகம் என்பது மேலோடு தடவினாலே தெரிந்தது. அலமேலு அதைப் பிரிக்க விடவில்லை. "ஊத்துக்குக் கல்லு நட்டவரு புத்தகத்த வெச்சுத் திரும்பி வர்றாரோ என்னமோ" என்றார். மூட்டை குடோனில் கிடந்தது. மறு வருடமும் ஒரு மூட்டை வந்தது. அதுவும் முதல் மூட்டைக்குப் பக்கத்தில் போயிற்று. இந்த முறை நான் சண்டை போட்டேன். புதிதாகச் சேர்ந்திருந்த பையன்கள் அவர் இல்லாத நேரம் பார்த்துப் பிரித்துவிடலாம் என்றார்கள். அப்படிச் செய்தால் அவர் மறுபடி குடோனுக்குள் வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். எலிகள் எங்களுக்கு முன்பே பிரிக்கத் தொடங்கியிருந்தன.

மூன்றாம் வருடம் ஜூன் மாதம் வந்ததும் அவர், "வாங்க கடைக்காரரே, சேலம் போலாம்" என்றார். மூட்டை ஏற்றுகிறவர் வரும் நாளைக் கண்டக்டரிடம் கேட்டு வைத்திருந்தார். சேலம் பஸ் நிலையத்தில் ஏற்காடு பஸ் நிற்கும் இடத்தில் காலையிலிருந்து காத்திருந்தோம். அவர் தூணோரம் நின்றுகொண்டு கூட்டத்தைப் பார்த்தபடியே இருந்தார். ஒரு ஆள் தோளில் மூட்டையோடு எதிரே வந்தார். மூட்டை முகத்தை மறைத்தது. கீழே இறக்கியபோதுதான் தெரிந்தது, ஜோசப்.

எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏனுங்க பேரு போடல?" என்றார் அலமேலு.

"எம் பேரு போட்டிருந்தா நீங்க தொட்டிருக்க மாட்டீங்க."

"பேரு போடாததாலதானுங்க தொடல. ரெண்டு வருசத்துப் புத்தகம் அப்படியே கெடக்குது. பாதிய எலி தின்னுருச்சு."

ஜோசப் என்னைப் பார்த்தான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவன் சம்பளத்தில் வாங்கிய புத்தகங்கள் அவை. அவனுக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று சொல்ல முடியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப இத என்ன பண்றது?" என்றான்.

"இங்கயே பிரிங்க. பாக்கோணும்."

பஸ் நிலையத்து இரைச்சலுக்கு நடுவில் ஜோசப் மூட்டையைப் பிரித்தான். அலமேலு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்தார், புரட்டினார், தலைகீழாக உதறினார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் புத்தகம் விற்கிறவர் என்று நினைத்து விலை கேட்டார்கள். ஏற்காடு பஸ் போய்விட்டது. முடித்ததும் எல்லாவற்றையும் அவரே அடுக்கி, மூட்டையின் மேல் பேனாவால் கொட்டை எழுத்தில் ஜோசப் பெயரை எழுதினார். அடுத்த பஸ்ஸில் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகள் பாதி தாண்டிய பிறகு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "தப்பாத்தான் நெனச்சுப்புட்டேன்" என்றார். இன்னொரு வளைவு போனது. "ஆனா மறுக்காவும் பேரில்லாம வந்தா மறுக்காவும் பிரிக்க மாட்டேனுங்க."

அதற்குப் பிறகு ஜூன் மாத மூட்டைகள் எல்லாம் ஜோசப் பெயரோடு வந்தன. சில வருடங்களில் மூட்டையோடு ஜோசப்பும் வந்தான்.

இந்த வருடத் தொடக்கத்தில் அவருக்குக் கால் வீக்கம் கண்டது. சிறுநீரகம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். நர்ஸ் மாத்திரை கொடுக்க வந்தபோது, "ஏனுங்க கண்ணு, நேத்து மஞ்சளாக் குடுத்தீங்க, இன்னைக்கு எதுக்கு வெள்ளையாக் குடுக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பொறுமையாக விளக்கிய பிறகுதான் வாயில் போட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வருடம் கேட்காத ஒன்றைக் கேட்டேன். எங்களை எப்போது நம்பத் தொடங்கினார் என்று.

"நீங்க கெட்டவங்கன்னு நான் ஒருநாளும் நெனைக்கலீங்க" என்றார்.

"அப்புறம் எதுக்கு இத்தனை வருசம் ஒவ்வொரு மூட்டையா உதறினீங்க?"

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு சொன்னார்: "கெட்டவன் பயந்துக்கிட்டே செய்வானுங்க. நல்லவங்கதான் நல்லதுதானே செய்யறோம்னு நொம்ப அசந்து போயிடறாங்க."

அதுதான் நான் அவரோடு கடைசியாகப் பேசியது.

இரங்கல் கூட்டம் கடைவீதியில் நடந்தது. பலர் பேசினார்கள். இப்போது குழுவை நடத்தும் இளைஞன், நல்ல பையன், உணர்ச்சியோடு பேசி முடிக்கும்போது சொன்னான்: "இன்று இந்த மலையில் எங்களைச் சந்தேகிக்க ஒருவர்கூட இல்லை. அந்த நம்பிக்கைதான் அலமேலு அம்மா விட்டுச்சென்ற சொத்து." எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. பக்கத்தில் இருந்த ஜோசப்பைப் பார்த்தேன். அவனும் கை தட்டவில்லை.

மறுநாள் இரண்டு பேரும் செம்மநத்தம் போனோம். அங்கே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் ராமாயி என்ற அம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். மூன்று பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். எங்கள் பையன்கள் கொடுத்த புத்தகத்தில் ஒன்றைப் போன வருடம் திருப்பி அனுப்பியவர். எங்கள் வேலையைப் பார்வையிட வர முடியுமா என்று கேட்டோம். எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "கூலி குடுப்பீங்களா?" என்றார். கொடுப்போம் என்றோம். "அப்ப நீங்க சொல்றதுக்குத் தலையாட்டோணுமா?" என்றார். வேண்டாம் என்றோம். அவர் நம்பவில்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

குடோனில் பாய் விரித்து மூட்டைகளைப் பிரித்து வைத்தோம். அவருக்கு வேகமாகப் படிக்க வராது. விரலை வைத்து, உதடு அசைய, வரி வரியாகப் படித்தார். இரண்டு மூன்று புத்தகங்களைப் பார்த்துச் சரி என்று ஒரு பக்கம் வைத்தார். அடுத்ததை எடுத்தார். நானே சேலத்தில் பார்த்துப் பார்த்து வாங்கிய கதைப் புத்தகம் அது. நாலு பக்கம் படித்தவர் முகத்தைச் சுளித்து, அதைத் தனியாகத் தள்ளி வைத்தார். காரணம் சொல்லவில்லை. அது நல்ல புத்தகம் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவர் அடுத்த புத்தகத்தை எடுத்து விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினார். நான் கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

நான் கொடுப்பதை ஒருவர் சந்தேகத்தோடு புரட்டிப் பார்க்கும்போது, கோபப்படாமல் எதிரே உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியும். அலமேலுவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.